தவிட்டுக்கு வாங்கிய குப்பம்மாள்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு பிறப்புப் பதிவு நகல். அதைப் பார்த்த நாளிலிருந்து எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: ‘1915-இல், கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், குப்பம்மாள் என்ற பெண் குழந்தை, விடியும் நேரத்தில்...’

வேண்டாம். கூட இருந்து பார்த்தவள் மாதிரி அளக்கிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். குப்பம்மாள் என் கொள்ளுப்பாட்டி. அவள் அப்பா சடையப்பன். எங்கள் வயலின் பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பக்கத்து நிலங்களை வளைத்த கம்பெனியின் சுவர் எங்கள் வரப்பு வரைக்கும் வந்துவிட்டதால், பட்டாவைத் தன் பெயருக்கு மாற்ற அண்ணன் குணா அலைகிறான். குப்பம்மாள் சடையப்பனின் மகள்தான் என்று காட்ட எடுத்த பிறப்புப் பதிவு நகலில் தகப்பன் என்று இருப்பது வேறு பெயர்: அருணாச்சலம்.

2

(விவரம் தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். சடையப்பனுக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நான்காவதைக் குப்பையில் புரட்டிக் குப்பம்மாள் என்று பெயரிட்டு, பக்கத்து வீட்டு அருணாச்சலத்துக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றார்கள். பிறத்தியார் பிள்ளையென்றால் எமன் விட்டுவிடுவான் என்று நம்பிக்கை. பிறகு தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வது வழக்கம். அருணாச்சலம், பிறப்பைப் பதிவு செய்யும் கிராம முன்சீப்பிடமும் தன் பெயரையே தகப்பன் என்று சொல்லியிருக்க வேண்டும். எமன் பதிவேட்டையும் புரட்டுவான் என்று பயந்தாரோ என்னவோ. இது என் ஊகம். ஊகத்தை எந்த ஆபீசிலும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.)

3

“தாலுக்கா ஆபீஸ்ல, அது எங்க ஊட்டுப் பொண்ணு இல்லன்னு அருணாச்சலம் வாரிசு கையெழுத்து போட்டாதான் ஆவும்னுட்டாங்க. நீ இன்னான்னா இத்தப் போய்க் கதையா எழுதிக்கினு கீற. அவங்க படிச்சா வயலு பூடும், பூமிகா!” என்றான் குணா.

பெயர்களையாவது மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் குப்பம்மாளின் பெயரையும் மாற்றிவிட்டால் அப்புறம்...

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

4

அருணாச்சலத்தின் கொள்ளுப்பேரன் சந்திரமோகன், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர். முதல் பிரதியில் அவரை நிலத்துக்கு நாக்கைத் தொங்கப்போடும் ஆளாக எழுதியிருந்தேன். பிறகு மீஞ்சூர் ஸ்டேஷன் எதிரில் நேரில் பார்த்தோம். எங்களுக்கு அவர்தான் டீ சொன்னார். எழுதியிருந்ததை அடித்துவிட்டேன்.

குணா காகிதத்தை நீட்டினான். ‘குப்பம்மாளுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எந்த உறவும் இல்லை.’

“ஒங்க நெலம் எனக்கு இன்னாத்துக்குண்ணா? குடு, போடறேன்.” பேனாவை வாங்கியவர் அப்படியே நிறுத்தினார். “ஒண்ணு கேக்கணும். தவுட்ட உங்காளுங்க திருப்பியே தரலன்னு எங்க ஊட்ல சொல்வாங்க. அதனால குப்பம்மாதான் எங்களுக்குப் பூவாடக்காரி. வருஷா வருஷம் பொடவ வெச்சுப் படைக்கிறோம்.”

(பூவாடைக்காரி என்றால், இறந்தபின் தெய்வமாகக் கும்பிடப்படும் அந்த வீட்டுப் பெண். அந்த வீட்டுப் பெண்.)

எங்கள் வீட்டில் குப்பம்மாளுக்கு யாரும் ஒரு முழம் பூ வைத்ததில்லை. பட்டா தேவைப்பட்ட பிறகுதான் அவள் பெயரையே தேடினோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

“இதுல கையெழுத்து போட்டுட்டா, இனிமே படைக்கலாமா, கூடாதா?” என்றார் சந்திரமோகன்.

குணா என்னைப் பார்த்தான்.

5

முடிவு ஒன்று: ‘தாராளமாகப் படையுங்கள்’ என்கிறேன். அவர் கையெழுத்துப் போடுகிறார். வயல் எங்களுக்கு வருகிறது, சாமி கும்பிடுகிற மனுஷனைப் பொய் எழுத வைத்து.

முடிவு இரண்டு: காகிதத்தைக் கிழிக்கிறேன். குணா அதற்குப் பிறகு என்னோடு...

இரண்டையும் அடித்துவிட்டேன். சந்திரமோகன் பேனாவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள், அவர் படைக்கலாமா? கொஞ்சம் சீக்கிரம். அவருக்கு ஷிப்டுக்கு நேரமாகிறது.