ரெண்டு பேர் வண்டி

கோமளாவின் மாமியார் பங்காரம்மாவைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவ்வளவு நல்ல மனுஷி. அந்த வண்டியில் மட்டும் அவர் ஏறாமல் இருந்திருக்கலாம்.

சாதாரண வண்டியா அது! எம்.ஜி. கம்பெனியின் டி.டி. மாடல், ஐம்பத்திரண்டில் இங்கிலாந்தில் செய்தது. மேலே கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்துவிட்டுக்கொள்ள ஒரு துணி, அவ்வளவுதான். நீண்ட மூக்கு, பின்னால் பெட்ரோல் டாங்கி, டாங்கியின் முதுகில் ஸ்டெப்னி, நடுவில் இரண்டே பேர் உட்கார இடம். வால்பாறை டீ எஸ்டேட்டில் இருந்த துரை ஒருவன் சொந்த ஊருக்கு மூட்டை கட்டியபோது, பம்ப்செட் ஃபவுண்டரி வைத்திருந்த அழகிரிசாமி அதை வாங்கி வந்தார். வருஷம் ஐம்பத்தெட்டு. அவருக்கு முப்பது வயது, கல்யாணமாகி மூன்று மாதம். பெண்டாட்டி கோமளாவுக்குப் பத்தொன்பது.

வீட்டில் பதினோரு பேர். அங்கே புருஷனும் பெண்டாட்டியும் பகலில் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதே பெரிய காரியம். ஒரு நாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டே, வேறு யாருக்கும் கேட்காத குரலில் அழகிரிசாமி சொன்னார்: "ஞாயித்துக்கெழம சத்தியமங்கலம் போலாமா? பவானி ஆத்தங்கரையில செத்த நேரம் உக்காந்துட்டு வரலாம். நாம ரெண்டு பேரு மட்டும்."

கோமளாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போலாமுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது முந்திக்கொண்டது. காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்பதுதானே நம் ஊர் மரியாதை? கேட்டவர் இரண்டாம் தடவை வற்புறுத்த வேண்டும், அப்புறம்தான் டம்ளரைத் தொட வேண்டும். அதே மரியாதையில், "அத்தையும் வந்தா நல்லாருக்குமுங்க. பாவம், ஊட்டுக்குள்ளயே கெடக்கறாங்க" என்று சொல்லிவிட்டாள். இதில் ஏது இடம், நீ மட்டும் வா என்று அவர் வற்புறுத்துவார், ஏறிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அவர் வற்புறுத்தவில்லை. துடைத்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் வாசலில் வண்டியைக் காணோம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் போயிருந்தது. பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, பின்பக்கத் தகட்டை அறுத்து, டாங்கியை அடியில் இறக்கி, பலகை அடித்து, தேங்காய் நார் திணித்து, பச்சை ரெக்ஸின் போர்த்தி ஒரு பின்சீட்டு உட்கார்ந்திருந்தது. மானுக்கு எருமையின் பின்பாதியை ஒட்டின மாதிரி. கோயமுத்தூரில் லேத்துக்கும் வெல்டிங்குக்கும் என்ன பஞ்சம்? கேட்டால் ரயிலுக்கே றெக்கை வைத்துக் கொடுப்பார்கள்.

"நீ கேட்டியே" என்றார் அழகிரிசாமி.

சத்தியமங்கலம் போனார்கள். பங்காரம்மாவுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்த மாத்திரத்தில் தலை சுற்றியது. அன்னூர் தாண்டுவதற்குள் அவர் முன்னால் வந்துவிட, சாப்பாட்டுத் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு கோமளா பின்னால் போனாள். அதுவே அவள் இடமாகிப் போயிற்று. பிறகு நாத்தனார்கள் ஏறினார்கள், பிள்ளைகள் ஏறினார்கள், கோயிலுக்குப் போகும்போது பொங்கல் பானை ஏறியது. அந்த சீட்டைக் கழட்டுங்கள் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்? கேட்டு வாங்கியவளே அவள்தான். தன் வாயால் தானே வைத்துக்கொண்ட சூனியம். அதற்குப் பிறகு அவரும் நாம் ரெண்டு பேர் மட்டும் என்று ஒரு நாளும் கூப்பிடவில்லை.

எழுபத்தெட்டில் வண்டி படுத்துவிட்டது. மருதமலைப் பக்கம் கட்டின புது வீட்டுக்குப் போனபோது, அதையும் இழுத்துக்கொண்டு போய்ச் செட்டில் நிறுத்தித் தார்ப்பாய் போர்த்தினார்கள். பிறகு பங்காரம்மாவும் கண்ணை மூடினார். அம்பாசடர் வந்தது, அதில் முன்னால் டிரைவரும் அழகிரிசாமியும். மாருதி வந்தது, அதில் எப்போதும் யாராவது ஒரு ஒறம்பரை, விருந்தாளி. கோமளாவுக்கு எதிலும் குறை சொல்ல முடியாது. மகாராணி மாதிரித்தான் இருந்தாள். ஆனால் புருஷன் பக்கத்தில், வேறு ஒரு ஈ காக்கா இல்லாமல், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வர வேண்டும் என்ற ஆசை மட்டும் அவளுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. ஐம்பத்தாறு வயதில் இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

தொண்ணூற்றைந்து தை மாதம் மகன் பாலகோபாலுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஊட்டியில் பழைய கார் கண்காட்சி நடத்தும் சங்கத்துச் செயலாளர் ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்தான். அவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, செத்தவர் வீட்டில் நிற்பது போல் நின்றார். ஃபேக்டரியிலிருந்து வந்தது போலவே மாற்றினால்தான் பரிசுக்கு எடுத்துக்கொள்வோம், இல்லையென்றால் சும்மா ஓரமாக நிறுத்தி வைக்கலாம் என்றார்.

"பரிசு கெடக்குதுங்க. பின் சீட்டு இருக்கட்டும். என் பசங்க ரோஹனும் ஷ்ரவ்யாவும் உக்காந்துக்குவாங்க" என்றான் பாலகோபால்.

காப்பித் தட்டோடு வந்த கோமளா அப்படியே நின்றாள். "செஞ்சா ஃபேக்டரியில இருந்து வந்தாப்புலயே செய்யோணும்" என்றாள். "இல்லீன்னா அதைத் தொடவே வேண்டாம்."

அழகிரிசாமி உட்பட அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். ரசத்தில் உப்பு இல்லையென்றால்கூட வாய் திறக்காதவள் அவள். செயலாளருக்கோ ஒரே பூரிப்பு. இப்படி ஒரு ரசிகை வீட்டுக்குள்ளேயே இருக்கிறாரே என்றார். ரசிகையாவது ஒன்றாவது! அந்த வண்டியின் ஒரு போல்ட்டைப் பற்றிக்கூட அவளுக்குக் கவலை இல்லை. பின்சீட்டு ஒழிய வேண்டும். வண்டியில் இரண்டு இடம்தான் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் அடித்த திட்டம்.

போத்தனூரிலிருந்து மாசாணம் என்ற மெக்கானிக் வந்தான். அவன் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். இவனுக்கும் வேலை சுத்தம். முதல் நாளே பின்சீட்டைப் பெயர்த்துப் போட்டான். கோமளா அந்தப் பலகையையும் நாரையும் தானே பொறுக்கிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் வைத்தாள். அன்று ராத்திரி ஒரு தோசை கூடுதலாகவே சாப்பிட்டாள்.

ஆனால் சொன்ன சொல் சும்மா விடுமா? பாடிக்குள் இருந்த மரச்சட்டம் உளுத்துப் போயிருந்தது. "வேம்புல போட்டுட்டா நூறு வருசம் நிக்குமுங்கம்மா" என்றான் மாசாணம். செயலாளர் பக்கத்திலேயே நின்று கோமளாவின் முகத்தைப் பார்த்தார். "கம்பெனிக்காரன் எந்த மரத்துல போட்டானோ அதுலயே போடு" என்றாள் அவள். "இந்த ரேடியேட்டர் மூடிய நம்மளே வார்த்துப்போடலாமுங்க, ஐயா ஃபவுண்டரியே இருக்குதே" என்றான். "அவங்க ஊர்ல இருந்தே வரட்டும்." மனசு என்னமோ போதும்டா சாமி, ஏதோ ஒன்றை மாட்டி ஓட்டித் தொலை என்று கத்தியது. வாய் மட்டும் ஃபேக்டரி, ஃபேக்டரி என்றது. ஒவ்வொன்றுக்கும் இங்கிலாந்துக்குக் கடிதாசு போனது. ஒவ்வொரு பார்சலும் கடல் தாண்டி வர இரண்டு மாதம் ஆனது.

அழகிரிசாமியும் தினம் செட்டுக்கு வந்துவிடுவார். ஸ்டூலில் உட்கார்ந்து டேஷ்போர்டு மரத்தை உப்புத்தாளால் தேய்ப்பார். கோமளா வெறுமனே பக்கத்தில் நிற்பாள். தோல் தைத்து சீட்டு வந்த அன்று மாசாணம் சொன்னான்: "குசனுதான் தனித்தனிங்க. சாய்மானம் ரெண்டு பேருக்கும் ஒண்ணேதான்." எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அவள் அந்தச் சாய்மானத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தடவிப் பார்த்தாள்.

ஆவணி மாதம் வண்டி உறுமியது. மாசாணம் கேட் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தான். பின்னால் எரிகிற சிவப்பு லாம்ப்புதான் பாக்கி; அது இன்னும் கப்பலில் இருந்தது. அழகிரிசாமி ஸ்டேரிங்கில் உட்கார்ந்தார். அறுபத்தேழு வயசு முகத்தில் பழைய மாப்பிள்ளைக் களை வந்திருந்தது. இடப்பக்கத்து சீட்டைத் தட்டினார்.

"கோமளா, வா. சத்தி வரைக்கும் போயிட்டு வந்துரலாம்."

முப்பத்தேழு வருஷம் கழித்து, அதே சத்தியமங்கலம்! ஆனால் மகன் நிற்கிறான், மருமகள் நிற்கிறாள், செயலாளர் காப்பி டம்ளரோடு நிற்கிறார். "அம்மா எப்படி ஒத்துக்குவாங்க? இன்னும் லாம்ப் வரலையே!" என்று அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கோமளாவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இத்தனை நாள் அத்தனை கறாராக இருந்துவிட்டு இப்போது ஓடிப் போய் ஏறினால், இதற்குத்தானா என்று தெரிந்துவிடாதா?

"ஆமாங்க" என்றாள். "அதுவும் வந்துரட்டும். முழுசா முடிஞ்ச பொறகு போலாமுங்க."

அடி கோமளா! உன்னை என்ன செய்தால் தகும்?

அவர் சீட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். சாவியை மாசாணத்திடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை குளித்துவிட்டு வந்தவர் அப்படியே சரிந்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் கொஞ்சம் குழறியது. கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும், கியர் போட இடது கை வேண்டும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இதுதான்.

துறைமுகத்தில் மாட்டிக் கிடந்த லாம்ப்பு மார்கழியில்தான் வந்தது. உள்ளங்கை அகலம். கோமளா அதைக் கையால் தொடவில்லை.

பொங்கலுக்கு மறுநாள், மாசாணம் லாம்ப்பை மாட்டி வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினான். வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. அழகிரிசாமியை நாற்காலியோடு தூக்கி வந்து பக்கத்தில் வைத்தார்கள்.

"அப்பா, நீங்க ஏறுங்க. நான் ஓட்டறேன்" என்றான் பாலகோபால்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "உங்கம்மாதான் ஒரு வருசமாப் பாடுபட்டா. அவள ஏத்திட்டுப் போ. சத்தி வரைக்கும் போயிட்டு வாங்க" என்று மெல்லக் குழறினார்.

மருமகள் கதவைத் திறந்துவிட்டாள். பேரப்பிள்ளைகள் கை தட்டினார்கள். கோமளா ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தாள். அப்புறம் அந்தக் காலைத் திரும்ப எடுத்தாள்.

"எனக்கு சத்தியும் வேண்டாம், வண்டியும் வேண்டாம்" என்றாள். குரல் உடைந்து தெருவுக்கே கேட்டது. "ஃபேக்டரியாவது மண்ணாங்கட்டியாவது! உங்க பக்கத்துல உக்காரோணும்னுதானுங்க இத்தனையும் பண்ணுனேன். ரெண்டே பேரா. ஒரு தடவ."

பாலகோபால் தரையைப் பார்த்தான். மாசாணம்தான் முதலில் தொண்டையைச் செருமினான்.

"ஐயாவுக்கு வலது காலு நல்லாத்தானுங்களே இருக்குது? பிரேக்குக்கு அது போதுமுங்க. இஞ்சினே வேண்டாம். இங்கிருந்து வாய்க்கால் பாலம் வரைக்கும் எறக்கந்தானுங்க. தள்ளி உட்டா போதும்."

மகனும் மாசாணமும் அவரைத் தூக்கி ஸ்டேரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். கோமளா சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் ஏறினாள். அவருடைய விழுந்த கை அவள் பக்கம்தான் இருந்தது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். பத்தடி, இருபதடி, அப்புறம் இறக்கம் வண்டியை வாங்கிக்கொண்டது.

இஞ்சின் சத்தம் இல்லை. தார் ரோட்டில் டயர் உருளும் சத்தமும் தைமாதக் காற்றும் மட்டும். புளியமரத்து வளைவில் அவர் ஒற்றைக் கை தடுமாற, இவளும் ஸ்டேரிங்கைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து வளைத்தார்கள். கோமளாவின் கொண்டை அவிழ்ந்து நரைமுடி முகத்தில் அடித்தது. அவள் அதை ஒதுக்கவில்லை. பாலத்தருகே அவர் வலது காலை அழுத்தினார். வண்டி நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒருவரும் இல்லை.

"கோமளா" என்றார்.

"சொல்லுங்க."

"அன்னைக்கு, அம்மாவும் வரட்டும்னு சொன்னியே." ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தார். "என்கூடத் தனியா வர உனக்குப் புடிக்கலையாக்கும்னு நெனச்சுட்டேன். கல்யாணமாகி மூணு மாசந்தானே. கட்டாயப்படுத்தக் கூடாதுன்னுதான் சீட்டுப் போட்டேன்."

"ஒரு வார்த்த திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதாங்க?"

"ஆவணியில கேட்டேனே. அப்பவும் நீ லாம்ப்பு வரட்டும்னே. செரி, இப்பவும் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்."

"ஐயோ, அந்த லாம்ப்பு நாசமாப் போக!" என்று கோமளா வாய்விட்டு அழுதாள். முப்பத்தேழு வருஷம் இந்த மனுஷனும் இதே ஆசையோடு, அவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே குடும்பம் நடத்தியிருக்கிறார். அவள் ஏங்கினாலும், அவருக்குத் தன்னைப் பிடிக்குமா என்ற சந்தேகம் அவளுக்கு இருந்ததில்லை. அவர்? அவர் அதைக் கேட்பதற்கும் கூச்சப்பட்டுக்கொண்டு வாழ்ந்து முடித்துவிட்டார். மடியில் இருந்த கையை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதாள்.

"இன்னொண்ணும் சொல்லோணும்" என்று அவர் ஆரம்பித்தார்.

அதற்குள் மேலே புளியமரத்து வளைவில் பேச்சுக்குரல் கேட்டது. பாலகோபால் வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தான். அவன் பின்னால் கயிற்றோடு மாசாணம், ஃபிளாஸ்க்கோடு மருமகள், முன்னால் ஓடி வரும் பிள்ளைகள்.

கோமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்கண்ணாடியைப் பிடித்து வண்டியிலேயே எழுந்து நின்றாள்.

"அங்கியே நில்லுங்க!" என்று கத்தினாள். "யாரும் வராதீங்க!"

"என்னாச்சும்மா?" என்றான் மகன்.

"ஒண்ணும் ஆகல! கூப்புடறப்ப வந்தாப் போதும்!"

அவர்கள் நின்றுவிட்டார்கள். பிள்ளைகளை மருமகள் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கோமளா சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, புருஷன் பக்கம் நன்றாகத் திரும்பினாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.