நோலன் வாயைத் திறந்த மேசை

1
இந்தக் கதை ஒரு சண்டையில் தொடங்கியது. சண்டைக்குப் போனது நான்தான். பாஸ்டனுக்குப் பக்கத்தில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில், கணிதம் படிக்கும் மாணவர்கள் சிலர் இருந்தார்கள். அங்கே சதா வாக்யூம் கிளீனர் ஓடும். கூடவே ரேடியோ அலறும். பொறுக்க முடியாமல் இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன். வீடு குப்பைமேடாகக் கிடந்தது. சமையலறையில் மார்லா என்ற பெண் சீட்டுக்கட்டைப் படுவேகமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். எந்த இரைச்சலிலும் எண்ணிக்கை தவறக் கூடாது என்று பயிற்சியாம்.

"போலீஸைக் கூப்பிடுவேன்" என்றேன்.

"கூப்பிடுங்க. இன்னும் கொஞ்சம் சத்தம் கெடைச்சா நல்லதுதான்" என்றாள்.

2
தொடக்கத்துக்கு எழுதிப் பார்த்தவை:

'அட்லாண்டிக் சிட்டியின் விளக்குகள் கடலில்—' வேண்டாம், சுற்றுலாத் துண்டறிக்கை.

'பேராசை பிடித்த இளைஞர்கள் சிலர்—' பொய். சண்டைக்குப் பிறகு அவர்களோடு உட்கார்ந்து பீட்ஸா சாப்பிட்டவள் நான்.

'நோலனுக்கு நண்பர்களே கிடையாது.' இது சரி. மூன்று வருடம் கல்லூரி உணவகத்தில் தனியாகச் சாப்பிட்டவன் நோலன். கேசினோக்களுக்கு, அதாவது சூதாட்ட விடுதிகளுக்கு, தெரியாத முகம் ஒன்று தேவைப்பட்டதால் மார்லாவின் குழு அவனைச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவன் வரும்வரை யாரும் சாப்பிடத் தொடங்கவில்லை. இதை அவனே என்னிடம் சொன்னான்.

3
வேலை இதுதான். மார்லா பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்ட மேசையில் சில்லறையாகப் பந்தயம் கட்டியபடி, போன சீட்டுகளை மனதுக்குள் எண்ணுவாள். சின்னச் சீட்டுகள் நிறையப் போய்விட்டால், மிச்சத்தில் பெரியவை அதிகம். ஆடுபவருக்கு நல்ல நேரம். உடனே சைகையாகக் கைகளைக் கட்டிக்கொள்வாள். குடிகாரப் பணக்காரன் வேடத்தில் நோலன் தள்ளாடி வந்து பெரிய தொகை கட்டுவான். இருவரும் ஒருவரை ஒருவர் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது.

(மனதுக்குள் எண்ணுவது குற்றமல்ல. ஆனால் கண்டுபிடித்துவிட்டால் படம் எல்லாக் கேசினோவுக்கும் போய்விடும். அப்புறம் அந்த முகத்தால் குழுவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. பழையபடி தனியாகச் சாப்பிட வேண்டியதுதான் என்பது நோலனின் பயம்.)

4
சனிக்கிழமை மதியம், அட்லாண்டிக் சிட்டி கேசினோ ஒன்றில். மேசையில் மார்லா, நோலன், முதியோர் சுற்றுலாப் பேருந்தில் வந்திறங்கிய டோலரஸ். நான்காவது இடத்தில் நீங்கள் உட்காருங்கள்.

"ஏழும் எட்டும் எவ்வளவு டோலரஸ்? எனக்கு வெரல் பத்தலையே!" என்றான் நோலன்.

"பதினஞ்சு கண்ணு. குடிச்சது போதும், வீட்டுக்குப் போ."

"வீட்ல யாரு இருக்கா? நீங்களும் வாங்க, போவோம்."

டோலரஸ் குலுங்கிச் சிரித்தார். மார்லா கல்லாக இருந்தாள். [இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளைக் கல்லாக எழுத எனக்கு மனம் வரவில்லை.]

டோலரஸுக்குச் சின்னச் சின்னச் சீட்டாக வந்தது. ஐந்து, இரண்டு, நான்கு, மூன்று, ஒன்றாக எண்ணப்படும் ஒரு ஏஸ், கடைசியில் ஆறு. சீட்டுப் போடும் டீலர் களைத்திருந்தார். "இருபத்திரண்டு" என்று சொல்லிச் சீட்டுகளை வாரினார். இருபத்தொன்றைத் தாண்டினால் தோல்வி.

"என் ராசி அப்படி" என்றார் டோலரஸ்.

5
முதல் வரைவில் நோலன் பேசாமல் இருந்தான். குழு பத்திரமாக ஊர் திரும்பியது, எல்லோரும் சிரித்தபடி— அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நோலனுக்குக் குடிகாரனாக நடிக்க வரும், பணக்காரனாக நடிக்க வரும். தப்பான கூட்டலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மட்டும் வராது.

"இருபத்தொண்ணு" என்றான். நாக்குக் குழறவில்லை. "அவங்க சீட்டைத் திருப்பி எண்ணுங்க."

டீலர் எண்ணினார். இருபத்தொன்று.

"அடேயப்பா! விரலே விடாம சொல்லிட்டியே!" என்று டோலரஸ் கைதட்டினார். மனதாரத்தான் பாராட்டினார், பாவம். சுவரோரம் நின்று கண்காணித்த கேசினோவின் கோட்டுக்காரர் நிதானமாக நடந்து வந்தார்.

"சார், உங்க ஆட்டம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வேற எது வேணா ஆடுங்க, பிளாக்ஜாக் மட்டும் வேணாம்."

"நான் வெறும் குடிகாரன் சார்."

"அந்தக் கிளாஸ்ல இருக்கறது ஆப்பிள் ஜூஸ் சார்."

6
நோலன் வாசலை நோக்கி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மார்லாவின் படமும் ஊரெல்லாம் போகும். இதுவரை அவனே என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னது.

"அப்புறம்?" என்றேன்.

"மார்லாவைக் கேளுங்க."

மார்லாவைக் கேட்டேன். "அவனையே கேளுங்க" என்றாள்.

நானாக ஒரு முடிவை எழுதலாம். எழுத மாட்டேன். மார்லா அவன் பின்னால் போனால் அவளும் அகப்படுவாள். போகாவிட்டால் அவன் தனியாகப் போகிறான். இரண்டில் எதை எழுதினாலும் இருவரில் ஒருவருக்கு நான் துரோகி.

நீங்கள் அந்த மேசையிலேயே இருக்கிறீர்கள். உங்கள் படம் யாரிடமும் இல்லை. தாராளமாகத் திரும்பிப் பார்க்கலாம். மார்லா எழுந்துவிட்டாளா? எனக்குச் சொல்ல வேண்டாம். நோலன் வாசலை நெருங்கிவிட்டானே, ஓடிப்போய் அவனிடம் சொல்லுங்கள்.