அப்பாவுக்குச் சவரம்

பள்ளி வேனை நிறுத்திவிட்டு அவள் வீட்டுக்குள் நுழையும்போதே வெளியூரிலிருந்து அண்ணன் போனில் அழைத்தான். பக்கவாதம் வந்து மருத்துவமனையில் கிடந்த அப்பா, இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறார். வலது கை இன்னும் வசப்படவில்லை. பேச்சு குழறுகிறது. ஆனால் அண்ணன் அன்று புலம்பியது தாடியைப் பற்றி. பேட்டரி மெஷினைக் கிட்டே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். சலூன்காரரை வீட்டுக்கே வரவழைத்தால் அவர் கையைத் தட்டிவிட்டாராம். சாப்பாடு ஒட்டி ஒட்டி, தாடிக்கு அடியில் தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியிருந்தது.

"நான் வந்து பண்றேன்" என்றாள் அவள்.

"வேன் ஓட்டுற மாதிரின்னு நினைச்சியா?" என்றான் அண்ணன்.

அவள் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். அப்பா வருஷக்கணக்காக இருந்தது அவள் வீட்டில்தான். மகனைப் பார்த்துவிட்டு வர நாலு நாள் பயணமாகப் போனவர், தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் ரேசர் ஒன்றை மட்டும் எடுத்துப் போயிருந்தார். போன இடத்தில் விழுந்துவிட்டார். அவருடைய கனத்த எஃகு ரேசர், பிரஷ், சோப்புக் கிண்ணம், படிகாரம் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. அந்தச் சாமான்களோடு போய் நின்றால் முகத்தைத் திருப்பமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது என்பதைவிட, அப்படித்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

பழகுவதற்குக் கிடைத்தது கணவனின் முகம். நாற்காலியில் உட்கார வைத்து, நுரை தடவி, ரேசரைக் கையில் எடுத்ததும் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"என் மூஞ்சி என்ன, நீ எட்டுப் போட்டுப் பழகுற மைதானமா?"

"பேசாதீங்க. பேசினா வெட்டும்."

பேசாமல் இருந்தும் வெட்டியது. கன்னத்து வெட்டுகளில் ஒட்டிய காகிதத் துணுக்குகளோடு வேலைக்குப் போனவனை, வீட்டில் சண்டையா என்று எல்லோரும் விசாரித்தார்களாம். மறுநாள் காலையும் மறுபேச்சில்லாமல் வந்து உட்கார்ந்தான். வாரக் கடைசியில் ஒரு சொட்டு ரத்தமில்லாமல் அவன் முகம் வழவழவென்று வந்தது.

விடுப்பு குறைவு, கைப்பை ஒன்றோடு விமானத்தில் போய்த் திரும்ப வேண்டும். ரேசரைத் திருகிக் கழற்றி, தலை, தட்டு, பிடி மூன்றையும் தனித்தனிக் கைக்குட்டையில் சுற்றினாள். ஈர பிரஷ்ஷைப் பையில் மூடி வைத்தால் நாறிவிடும். உதறி, மின்விசிறிக்கு நேரே தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தாள். மயிர் மடங்காமலிருக்கக் காலி மாத்திரை டப்பாவில் ஓட்டைகள் போட்டு அதற்குள் நிறுத்தினாள். சோப்பைக் கிண்ணத்திலிருந்து நெம்பி மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி, படிகாரத்தையும் பையில் போட்டாள். பிளேடை மட்டும் கைப்பையில் விடமாட்டார்கள் என்று கணவன் சொன்னான். அதை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

விமான நிலையத்தில் சோதனை அதிகாரி பையைப் பிரித்துப் போட்டாள். ரேசரின் மூன்று பாகங்களையும் பொருத்திப் பார்த்தாள், திரும்பக் கழற்றினாள், யாருக்கு என்று கேட்டாள். அப்பாவுக்கு என்று இவள் சொன்னதும், கைக்குட்டையை எடுத்து அவளே சுற்றிக் கொடுத்தாள்.

அண்ணன் வீட்டுத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியும் பிளேடு கிடைக்கவில்லை. புது மாதிரி ரேசர்களுக்கான தலைகள்தான் வண்ண வண்ணமாகத் தொங்கின. கால் ஓய்ந்தபோது முனையிலிருந்த சலூன் கண்ணில் பட்டது. உள்ளே ஒருவர் பிளேடை இரண்டாக ஒடித்துக் கத்தியில் செருகிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரு பொண்ணா நீங்க? என் கையை ஒரே தட்டுத் தட்டினாரே."

"மன்னிச்சுக்குங்க."

"அட, அந்த இடது கைக்கு நல்ல பலம் இருக்கும்மா. சந்தோஷப்படுங்க." ஒடிக்காத பிளேடு கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தவர், முதலில் கத்தரியால் தாடியைக் குறைக்காவிட்டால் ரேசர் பிடித்து இழுக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை அப்பாவை ஜன்னலோரம் உட்கார வைத்துக் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டாள். கத்தரி ஓடும்வரை விறைப்பாக இருந்தார். பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் வைத்ததுதான் தாமதம், இடது கையால் அதைப் பிடுங்கிக்கொண்டார். வீசி எறியப்போகிறார் என்று நினைத்தாள். எறியவில்லை. சோப்பில் தேய்த்து, மெல்ல மெல்லத் தானே நுரை தடவத் தொடங்கினார். நுரை காதுக்குள் போனது, மூக்கில் ஏறியது. துடைக்கப் போன கையை அவள் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

பிரஷ்ஷை வைத்துவிட்டு ரேசருக்கும் கையை நீட்டினார்.

"கன்னமும் கழுத்தும் நான் பண்றேன்பா. தாடை உங்களுக்கு."

யோசித்துவிட்டுத் தலையசைத்தார். வலது பக்கக் கன்னம் தொங்கிக் கிடந்தது. விரலால் தோலை மேலே இழுத்துப் பிடித்து ரேசரை இறக்கினாள். கழுத்தில் ஓரிடத்தில் கீறி ரத்தம் துளிர்த்தது. படிகாரத்தை வைத்து அழுத்தினாள்.

பிறகு ரேசரை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பிடித்தாள். அண்ணன் பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். அவள் முறைத்ததும் கையை இறக்கினான். தாடையில் ஓரிடம் வழிப்பார், கை ஓயும், மடியில் வைப்பார், மறுபடி எடுப்பார். தண்ணீர் ஆறிப்போயிற்று. மோவாய்க்குக் கீழே ஒரு திட்டு விட்டுப்போயிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. அப்பா முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ போனதும் யார் பண்ணுவது என்று அண்ணன் கேட்டான். நீதான் என்றாள். கிளம்பும் நாள் காலையில் அவனையே அப்பாவுக்கு எதிரே உட்கார வைத்து ரேசரைக் கொடுத்தாள். அவனுக்கு முதல் இழுப்பிலேயே வேர்த்துவிட்டது. இரண்டாவது இழுப்பில் அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"அழுத்தாதடா."

குழறலாகத்தான் வந்தது. ஆனாலும் இருவருக்கும் புரிந்தது. அண்ணன் பிடியைத் தளர்த்தினான். அப்பா அவன் கையை விட்டுவிட்டு, மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.