ஆச்சி வீட்டு ரோஜாவுக்கு அடித்த மருந்து

காரைக்குடியில் புல்தரைக்கும் பூச்செடிக்கும் மருந்து அடிக்க முறையாக லைசென்ஸ் வாங்கியவன் தான் ஒருவன்தான் என்று அருள்பிரகாசத்துக்கு ஒரு பெருமை. பெருமையில் பொய்யில்லை. மற்றவர்களெல்லாம் வயலுக்கு வாங்கியதில் மிச்சத்தை ரோஜாவுக்குத் தெளித்துவிட்டு, செடி கருகினால் கண்ணேறு என்று சொல்கிறவர்கள். அருள்பிரகாசம் அப்படியில்லை. டப்பாவின் மூடியைத் திறக்குமுன் லேபிளைப் படிப்பான். எந்தச் செடிக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு மருந்து, அடித்தபின் எத்தனை நாள் பூவைத் தொடக்கூடாது என்று எல்லாவற்றையும் வாய்விட்டு, ஜெபம் சொல்கிற ராகத்தில் படிப்பான். அவன் மனைவி லூசியா முடிவில் ‘ஆமென்’ போடுவாள்.

இப்பேர்ப்பட்ட யோக்கியன்தான் தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரு கோமாளித்தனத்துக்குத் தலையாட்டினான்.

அக்கம்மாள் ஆச்சி வீட்டின் முன்னால் பச்சைப் பசேலென்று புல்தரை, அதைச் சுற்றி ரோஜாச் செடிகள். பூத்துக் குலுங்கும். ஆனால் ஆச்சிக்கு ஒரு பூவும் தங்காது. விடியுமுன் தெருப் பெண்கள் சுவருக்கு மேல் கையை நீட்டி மொட்டையடித்துவிடுவார்கள். கூட்டத்துக்குத் தலைவி எதிர்வீட்டுக் காளியாயி. கேட்டால் பதில் நாக்கு நுனியில் இருக்கும்.

“சாமிக்குப் பறிச்சேன் ஆச்சி. சாமிக்குப் பறிச்சா திருட்டா?”

சாமி பேரைச் சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. ஆனால் பாதிப் பூ காளியாயி கொண்டையில்தான் இருக்கும்.

பொறுத்துப் பார்த்த ஆச்சி அருள்பிரகாசத்தைக் கூப்பிட்டு விட்டாள். “மருந்து கிருந்து வேணாம் அருளு. வெறுந்தண்ணிய அடி. ஆனா மூஞ்சிமூடி, கையுறை, கண்ணாடி எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு அடி. மண்டையோடு போட்ட போர்டு ஒண்ணு வையி. செகப்பு முக்கோணம் பெருசாத் தெரியட்டும்.”

டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் கொடிய விஷம். மஞ்சள், நீலம், பச்சை என்று வர வர விஷம் குறையும். ஊருக்குச் சிவப்பு மட்டும்தான் தெரியும். இது தப்பு என்று அருள்பிரகாசத்துக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் ஆச்சி கைகாட்டினால்தான் அவள் சொந்தபந்தங்களின் தோட்டமெல்லாம் அவனுக்கு. ஒத்துக்கொண்டான். போகப்போக ருசியும் கண்டுவிட்டான். தெருவில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் இருமுவான், தள்ளாடுவான், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

சுவருக்கு மேல் ஒரு கைகூட நீளவில்லை. காசு கொடுத்துப் பூ வாங்க வேண்டி வந்ததில் காளியாயிக்கு வயிறு எரிந்தது. நேராக வேளாண்மை ஆபீசுக்குப் போய், தெருவில் ஆளைக் கொல்லும் மருந்தை அடிக்கிறார்கள் என்று பிராது கொடுத்துவிட்டு வந்தாள்.

அருள்பிரகாசம் டேங்கை முதுகில் மாட்டி நின்ற நேரமாகப் பார்த்து ஆபீசர் சத்தியமூர்த்தி வந்து இறங்கினார். லைசென்சுக்கு அவனுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான். தெருவே சுவரோரம் கூடிவிட்டது.

“சிவப்பு முக்கோண மருந்தை ரோஜாவுக்கு அடிக்கலாம்னு எந்த லேபிள்ல போட்டிருக்கு? டப்பாவைக் காட்டுங்க.”

இல்லாத டப்பாவை எங்கே போய்க் காட்டுவது? விஷம் என்றால் லைசென்ஸ் போகும். தண்ணீர் என்றால் சுவருக்கு மேல் மறுபடி கைகள் நீளும், ஆச்சியோடு அத்தனை தோட்டமும் போகும். வாசலில் ஆச்சி கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாள். அருள்பிரகாசம் ஆபீசரின் காதோரம் குனிந்தான்.

“வெறுந்தண்ணி சார்.”

“அப்படியா? எங்கே, ஒரு வாய் குடிங்க பாப்போம்!” என்றார் ஆபீசர் சத்தமாக.

“ஆத்தாடி, ஆபீசரே குடிச்சுச் சாகச் சொல்றாரே!” என்று காளியாயி நெஞ்சில் கைவைத்தாள்.

அந்த நேரத்திலும் அருள்பிரகாசத்தை அவன் படித்த படிப்பு கைவிடவில்லை.

“குடிக்க மாட்டேன் சார்” என்றவன் மறுபடி காதோரம் குனிந்தான். “நேத்து இதே டேங்குலதான் கிளப்புப் புல்தரைக்குப் புழு மருந்து அடிச்சேன். கழுவித்தான் வச்சிருக்கேன். ஆனா எத்தனை தடவை கழுவினாலும் மருந்து அடிச்ச டேங்குத் தண்ணி வாயில படக்கூடாது. நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீக!”

ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவனை ஓரமாக இழுத்துப் போனார். “லைசென்ஸ் பிழைச்சுது. ஆனா தண்ணிக்கு மண்டையோடு வச்சா, நாளைக்கு நிஜ விஷத்துக்கு வைக்கும்போது எவன்யா நம்புவான்? அதைக் கழட்டி எறிஞ்சிட்டு உள்ளதை எழுதி வைங்க.”

அன்று சாயங்காலமே புதுப் போர்டு ஏறியது: ‘இங்கு மருந்து அடிக்கப்படவில்லை.’

“அம்புட்டுக் கொடிய மருந்து போல. ஆபீசரே பயந்துபோயி மறைக்கச் சொல்லிட்டாரு” என்று காளியாயி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பூ பிழைத்தது. ஆச்சிக்குத் தலைகால் புரியவில்லை. கூடை நிறையப் பறித்துக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோவிலுக்குப் போனாள். குருக்கள் கூடையைத் தொடாமலே, “இன்னைக்குப் பூ நெறைய வந்துருச்சு ஆச்சி” என்றார். சொந்தக்காரப் பெண்களும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். மனம் வெறுத்துப்போன ஆச்சி கூடையை அருள்பிரகாசத்திடமே கொடுத்துவிட்டாள்.

லைசென்ஸ் தப்பிய சந்தோஷத்தில் அவன் வீட்டுக்குள் நுழைந்து, இருப்பதிலேயே பெரிய பூவை எடுத்து லூசியாவின் தலைக்கு நீட்டினான். அவள் இரண்டெட்டுப் பின்னால் போனாள்.

“அடியே, வெறுந்தண்ணிதான். மாதா மேல சத்தியமா.”

“தண்ணின்னா ஆபீசர் கேட்டப்ப நீங்க ஏன் குடிக்கலை?”

அவன் விளக்கினான். டேங்கு, புழு மருந்து, கழுவுகிற முறை என்று ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னான். சொல்லச் சொல்ல லூசியாவின் முகம் இன்னும் வெளிறியது. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

“கூடையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டுல கொட்டிட்டு, கையை நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க” என்றாள் லூசியா. “அப்பறமாச் சோறு போடுறேன்.”