மூன்றாவது மறுப்பு

ஹுவோ காங் ஓடிக்கொண்டிருந்தார்.

எதிரிக்குப் பயந்து அவர் ஓடியதாகச் சரித்திரமே கிடையாது. இப்போது அவரைத் துரத்தியவர்களும் எதிரிகள் அல்ல, அவருடைய சொந்த உபதளபதிகள் நான்கு பேர். முன்னால் வந்த ஃபான் ஜுன் ஒரு மஞ்சள் பட்டு அங்கியை மீன்வலை மாதிரி விரித்துப் பிடித்திருந்தான். வாய்ப்புக் கிடைத்தால் வீசிவிடுவான்.

"அண்ணே! நில்லுங்கண்ணே! சும்மா தோள்ல போட்டுக்கிட்டாப் போதும்ணே!"

"கிட்ட வந்தே, வெட்டிப்புடுவேன்!"

"பாத்தீங்களாடா, எவ்வளவு பணிவு!" ஃபான் ஜுன் ஓடியபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இப்படி ஒரு மனுஷன் பேரரசரா வர்றதுக்கு நாம புண்ணியம் பண்ணியிருக்கணும்."

தளபதி அரண்மனைச் சமையல்கட்டின் சுவரைத் தாண்டிக் குதித்தார். புளித்த காடி ஜாடிகள் உருண்டன. ஒரு சமையல்காரன் அலறினான். அந்தக் களேபரத்தில் குதிரை லாயத்துக்குள் புகுந்து, வைக்கோல் போருக்குள் தலையை நுழைத்து மறைந்தார்.

மஞ்சள் அங்கி தோளில் விழுந்தால் கதை முடிந்தது. படை மொத்தமும் 'பத்தாயிரம் ஆண்டு வாழ்க' என்று கத்தும். அதற்கப்புறம் அந்த மனிதர் பேரரசர். கழற்றினால் தலையோடு சேர்த்துத்தான் கழற்ற வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அங்கியைத் தைக்கச் சொன்னவரே ஹுவோ காங்தான். போன மாதம் தையற்காரரை முகாமுக்கு வரவழைத்து, தொப்பைக்குத் தாராளமாக இடம் விட்டுத் தைக்கச் சொன்னார். பத்தொன்பது வயதுப் பேரரசர் பெய் ஷாவோவிடம் அனுப்பிய செய்தியும் அவருடையதுதான். வானம் தங்கள் மீது சலிப்படைந்துவிட்டதாக ஜோசியர்கள் சொல்கிறார்கள். அரண்மனையைச் சுற்றிலும் என் படைதான் நிற்கிறது. மற்றபடி தங்கள் விருப்பம்.

பெய் ஷாவோ விருப்பத்தோடு சம்மதித்தார்.

ஆனால் சிம்மாசனத்தைப் பிடுங்கியதாக யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. இருப்பவர் மூன்று தடவை கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் இரண்டு தடவை அழுது மறுக்க வேண்டும். மூன்றாவது தடவை, 'மக்களுக்காக' என்று பெருமூச்சு விட்டு ஏற்றுக்கொள்ளலாம். ஹுவோ காங் முதல் தடவை நன்றாக அழுதார். இரண்டாவது தடவை இன்னும் நன்றாக அழுதார். அங்கிக் கையில் நசுக்கிய இஞ்சி வைத்திருந்தார். இன்று மதியம் மூன்றாவது தடவை.

இதையெல்லாம் நடத்திவைப்பவர் சடங்கு மந்திரி லூ ஷென். அந்த ஊரில் வாசல் கதவுக்குச் சாயம் அடிப்பதைவிட வேகமாக வம்சங்கள் மாறிய காலம் அது. அவர் கையாலேயே இரண்டு சிம்மாசனங்கள் கைமாறியிருந்தன. இறங்கிய பேரரசர்கள் இருவருக்கும் பிரபு பட்டம், தோட்டத்தோடு வீடு, மாதம் தவறாமல் மரியாதை எல்லாம் கிடைத்தன. இருவரும் வருஷம் திரும்புவதற்குள் வயிற்று வலியில் போய்ச் சேர்ந்தார்கள். இறுதிச் சடங்கையும் லூ ஷென்தான் செய்தார். மூன்றாவதாக இந்தப் பையனுக்கும் செய்ய வேண்டுமே என்ற நினைப்பில் அவருக்குச் சில நாளாகச் சோறு இறங்கவில்லை. பெய் ஷாவோவுக்கோ தூக்கமே இல்லை. யார் கிண்ணம் நீட்டினாலும் முதலில் முகர்ந்து பார்த்தார்.

லூ ஷென் லாயத்துக்குள் மெல்ல எட்டிப் பார்த்தார்.

"தளபதியாரே, கால் தெரியுது."

கால் உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டது.

"அவனுங்க போயிட்டானுங்களா?" என்றது வைக்கோல்.

"கிணத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டு இருக்காங்க. வெளிய வாங்க. நல்ல நேரம் போகுது."

"யோவ், எனக்குச் சிம்மாசனம் வேணாம்யா."

"அருமை! நேத்து இஞ்சியெல்லாம் தேச்சும் இந்தக் குரல் வரலை. மண்டபத்துல இதையே அப்படியே சொல்லுங்க."

"நெஜமாத்தான்யா சொல்றேன்!"

"நெஜமாச் சொல்றதுக்கும் முறைக்குச் சொல்றதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதுங்க. இப்ப இருக்கிறவரோட அப்பா, பாவம், தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. நாலு பேர் சேர்ந்து பிச்சு எடுத்தோம். அப்புறம் சாகிற வரைக்கும் இறங்கவே இல்ல."

வைக்கோலிலிருந்து ஹுவோ காங்கின் முகம் வெளியே வந்தது. வெளுத்திருந்தது.

"காலைல அந்தத் தூதன் சொன்னதை நீரும்தானே கேட்டீர்? கேட்டுட்டுமா என்னைக் கூப்பிடுறீர்?"

லூ ஷென் கேட்டிருந்தார். அவரேதான் அவனைப் பேரரசர் முன்னால் அழைத்துப் போனார். காலை உணவு நேரம். பேரரசரும் தளபதியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் தட்டை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தபடி தினை அடை தின்றுகொண்டிருந்தார்கள். தலை முதல் கால் வரை சேறு பூசிய ஒருவன் தரையில் விழுந்தான். வடநாட்டுக் கிதான் கூட்டத்தின் குதிரைப்படை எல்லையைத் தாண்டிவிட்டது என்றான். வடக்குக் கோட்டை விழுந்துவிட்டது என்றான். அவர்களுக்கு ஊர் வேண்டாம், பேரரசர்தான் வேண்டுமாம்.

ஹுவோ காங்குக்கு அடை தொண்டையில் நின்றுவிட்டது. பக்கத்து நாட்டுப் பேரரசருக்குப் போன வருஷம் நடந்தது அவருக்குத் தெரியும். மேலாடையை உருவி, கையில் ஓர் ஆட்டுக் கயிற்றைக் கொடுத்து, பனிக்காலம் முழுக்க வடக்கே நடக்க வைத்தார்கள். ஆடு பாதி வழியில் செத்தது. பேரரசருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

"இது வெளிய போச்சுன்னா நாக்கை அறுப்பேன்," என்று தளபதி உறுமினார். படைக்குத் தெரிந்தால் ராத்திரிக்குள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், மீதிப் பேர் அவரைக் கட்டிப்போட்டு எதிரியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். தூதனைக் கொல்லைப்புற அறையில் போட்டுப் பூட்டச் சொன்னார். இப்போது அந்த உத்தரவே அவர் கழுத்தைப் பிடித்தது. சிம்மாசனம் ஏன் வேண்டாம் என்று சொந்த ஆட்களிடம்கூடச் சொல்ல முடியாது.

ஆனால் லூ ஷென் அந்தக் காலை வேளையில் வேறொன்றைக் கவனித்திருந்தார். பேரரசர் அசரவே இல்லை. அடையைக் காடியில் தோய்த்து நிதானமாகத் தின்றார். தூதனின் மூக்கோ, ஒரு பக்கம் சாய்ந்த உடைந்த மூக்கு. அரண்மனை நாடகக் குழுவின் கோமாளிக்கும் அதே மாதிரி மூக்கு. சாயம் பூசாமல் அவனை லூ ஷென் பார்த்ததில்லைதான். இருந்தாலும் அந்த மூக்கு மறக்கக்கூடியதா? பேரரசர் பாதி நாளை அந்தக் குழுவோடுதான் கழிப்பார்.

பையன் பிழைக்க வழி கண்டுபிடித்துவிட்டான்! லூ ஷென் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதே முடிவு செய்தார், இந்த நாடகத்துக்கு நாமும் ஒரு கை கொடுப்பது என்று.

"தளபதியாரே," குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு வழி இருக்கு. ரத்தச் சத்தியம்."

ஹுவோ காங் வைக்கோலைத் துப்பினார். "வெள்ளைக் குதிரையா?"

"ஆமா. குதிரை ரத்தத்தை உதட்டுல பூசிக்கிட்டு, வானத்தையும் பூமியையும் சாட்சியா வச்சுச் சொல்லணும். அழுகைக்கு இஞ்சி இருக்கு. அதுக்கு அப்படி எதுவும் கிடையாது. மீறினா வம்சமே அழியும்னு உங்க ஆளுங்களுக்கும் தெரியும். அதுக்கப்புறம் அங்கியோட ஒருத்தன் கிட்ட வரமாட்டான்."

"என்னன்னு சத்தியம் பண்ணணும்?"

"நானும் உக்கார மாட்டேன், என் பிள்ளைகளும் உக்கார மாட்டாங்க. இப்ப இருக்கிறவர் உயிருக்கு நானே காவல். அவ்வளவுதான்."

"அவன் உயிரு எனக்கு எதுக்குய்யா?"

"சிம்மாசனத்துல ஆள் இல்லாமப் போனா, அடுத்து யாரை உக்கார வைப்பாங்க?"

ஹுவோ காங் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "குதிரையைக் கொண்டாய்யா!"

மண்டபத்தில் மந்திரிகள் வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். பெய் ஷாவோ சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து, பச்சைக்கல் முத்திரையை இரண்டு கையாலும் நீட்டினார். மூன்றாவது தடவை.

ஹுவோ காங் தரையில் விழுந்தார். "தகுதி இல்லாதவன் நான்! வேண்டாம்!"

மண்டபம் திகைத்தது. மூன்றாவது தடவை மறுத்தவர் இதுவரை யாருமில்லை. பேரரசர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் முணுமுணுத்தார்.

"எடுத்துக்குங்க தளபதி. மெத்தைகூடப் புதுசு."

"நீங்களே உக்காருங்க பிரபு."

"இப்ப நீங்க பெருமூச்சு விடணும். அதானே வழக்கம்?"

"வழக்கத்தை நாய்க்குப் போடுங்க."

"எனக்கு ஒரு தோட்டமும் வீடும் தர்றதாச் சொன்னீங்களே."

"நூறு தோட்டம் தர்றேன். முத்திரையை மட்டும் என் பக்கம் நீட்டாதீங்க, கும்பிடுறேன்."

இஞ்சி இல்லாமலே தளபதியின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அதைப் பார்த்த ஃபான் ஜுன் விம்மி அழுதான். இப்படிப்பட்ட உத்தமரை விட்டால் இன்னொருவர் கிடைப்பாரா? அங்கியை விரித்துக்கொண்டு பாய்ந்தான்.

ஹுவோ காங் உருண்டு தப்பினார். எழுந்து படியை நோக்கி ஓடினார். அங்கே வெள்ளைக் குதிரை தயாராக நின்றது. வாளால் ஒரே வீச்சு. குதிரை சரிந்தது. ரத்தத்தை அள்ளி உதட்டில் பூசிக்கொண்டு, முற்றத்தில் நின்ற படை மொத்தமும் கேட்கும்படி கத்தினார். நானோ என் வம்சமோ இந்த ஆசனத்தில் உட்கார மாட்டோம். பேரரசர் உயிருக்கு ஆபத்து வந்தால் என் உயிர் முன்னால் போகும். மீறினால் என் குலம் வேரோடு அழியட்டும்!

அங்கி ஃபான் ஜுன்னின் கையிலிருந்து நழுவியது.

"அண்ணே... என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?" அவன் குரல் உடைந்திருந்தது. "எனக்கு ஒரு மாகாணம் தர்றேன்னீங்களேண்ணே. பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டேன்ணே."

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. பேரரசர் தளபதியைக் கட்டித் தழுவினார். 'மாசற்ற விசுவாசத்தின் பெருந்தளபதி' என்று பட்டம் கொடுத்தார். ஊர் முச்சந்தியில் அவர் பெயரில் கல்வளைவு ஒன்று எழுப்ப உத்தரவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சம். ஹுவோ காங் படையோடு வடக்கே போனால், அங்கே கிதான் குதிரையின் சாணம்கூட இல்லை என்பது தெரிந்துவிடும். லூ ஷென் பேரரசரின் காதருகே போனார். "தெற்கே தேயிலை மலைப் பக்கம் கொள்ளைக்காரங்க தொல்லை அதிகமாம் பிரபு."

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றார் பேரரசர். அவர் கண் லேசாகச் சிரித்தது.

தெற்கே போக உத்தரவு வந்ததும் ஹுவோ காங் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். வாழ்நாளில் எந்த உத்தரவுக்கும் அவர் இவ்வளவு வேகமாகக் கீழ்ப்படிந்ததில்லை. மாலை முரசு ஓய்வதற்குள் தெற்கு வாசல் வழியாகப் படை மொத்தமும் வெளியேறிவிட்டது. கடைசி வண்டி போன பிறகு நகரத்தில் மிஞ்சியது வாசல் காவல்காரர்களும் அரண்மனை அலிகளும்தான். பதவியை உதறிவிட்டுக் கொள்ளையரோடு மோதப் போகும் மகானைப் பார்த்து ஜனங்கள் தெருவெல்லாம் பூ எறிந்தார்கள்.

தாமரைக் குளத்து மண்டபத்தில் பேரரசரும் லூ ஷென்னும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். சூடான மது வந்தது. பெய் ஷாவோ முகர்ந்து பார்க்காமலே குடித்தார். பல நாள் கழித்து அதுதான் முதல் தடவை.

"மந்திரியாரே, உங்க மூளைக்கு ஒரு கும்பிடு."

"என்ன பிரபு நீங்க, என் மூளையா? சத்தியம் மட்டும்தான் என் யோசனை. மீதியெல்லாம் உங்க கைவேலை."

"போதும், போதும். தன்னடக்கத்துல தளபதியை மிஞ்சிடாதீங்க." பேரரசர் சிரித்தார். "அந்த ஆளை எங்கேருந்து பிடிச்சீங்க? என் குழுவுலகூட அப்படி ஒரு நடிகன் இல்ல. அந்த இருமலும், கண்ணு சொருகினதும்... எனக்கே ஒரு நிமிஷம் குலை நடுங்கிருச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, இது உங்க வேலைன்னு."

லூ ஷென்னின் கிண்ணம் பாதி வழியில் நின்றது.

"உங்க குழுவுக் கோமாளிதானே பிரபு அவன்?"

"கோமாளியா? அவன் போன மாசமே ஒரு தையற்காரி பின்னாடி ஓடிட்டானே. நீங்கதானே இந்த ஆளைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"வாசல்ல விழுந்து கிடந்தான். அதனால கூட்டிட்டு வந்தேன்."

குளத்தில் ஒரு மீன் துள்ளியது. இருவருமே திடுக்கிட்டார்கள்.

கொல்லைப்புற அறையைத் திறந்து அந்த ஆளைக் கொண்டுவந்தார்கள். கதவைத் தட்டித் தட்டி முட்டியெல்லாம் தோலுரிந்திருந்தது. அவன் மண்டியிடவில்லை, சரிந்து விழுந்தான். பேரரசர் எழுந்து நின்றார்.

"யாருப்பா நீ? உன்னை யார் அனுப்பினது?"

அவன் தெற்குப் பக்கம் பார்த்தான். அங்கே கோட்டைச் சுவருக்கு அப்பால் படை போன தூசி இன்னும் அடங்கவில்லை.

"அனுப்புறதுக்கு அங்க யாரு பிரபு இருக்கா?" என்றான். "வடக்குக் கோட்டையில உசிரோட மிஞ்சினது நான் ஒருத்தன்தான்."