நாலு கட்டைத் தோடி

ஜெகதாம்பாள் இறந்து ஐந்து மாதம் கழித்து, அவள் பாடியதாகத் தோடி ராகப் பாட்டு ஒன்று யூடியூபில் வந்தது. முதல் அடியிலேயே அவள் கணவர் கஜபதி கைப்பேசியை நிறுத்தினார். இது அவள் இல்லை, சுருதியே வேறு. குரல் மட்டும் அச்சு அசல் அவளுடையது. சந்தேகத்தைக் கிளப்பியதே அதுதான். செத்தவர் குரலில் இப்போது கம்ப்யூட்டரே பாடுகிறதாமே.

போட்டிருந்தவள் லாவண்யா. ஜெகதாம்பாளிடம் பதினோரு வருஷம் பாட்டுப் படித்தவள். பாட்டை எடுக்கச் சொல்ல மறுநாள் காலையே கோவில்பதாகையில் அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் கஜபதி. ஆட்டோ ஓட்டிவந்த துலுக்கானத்துக்கு அவரைவிடக் கோபம்.

“சாவு ஊட்டுல அந்தப் பொண்ணு இன்னாமா அழுதுச்சு! எல்லாம் நடிப்பா அண்ணாத்தே?”

லாவண்யா லேப்டாப்பைத் திறந்து பாட்டைக் கோடாக ஓடவிட்டாள். சுருதி ஏறினால் கோடு ஏறியது. சுரத்தை அசைக்கும் கமகத்துக்கு அலை, மூச்சுக்கு இடைவெளி. ஆவடி ஃபேக்டரியில் முப்பது வருஷம் இன்ஜின் அதிர்வைப் படத்தில் பார்த்தே தேறியது, தேறாதது என்று பிரித்தவர் கஜபதி. கண் உடனே பிடித்துக்கொண்டது.

“சட்ஜம் எங்க கீது பாரு. நாலு கட்டை சுருதி. அவ ஆயுசுக்கும் பாடினது அஞ்சு கட்டைதான். மாட்டிக்கினியா?”

“டீச்சர்தான் சார் பாடினாங்க.”

“எப்போ?”

அவள் லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வாயத் தொறக்குதா பாரு,” என்றான் வாசலில் நின்ற துலுக்கானம்.

நவராத்திரிக்கு ஜெகதாம்பாள் பாடி, கஜபதியே முன்பு பதிவுசெய்திருந்த இதே தோடியை லாவண்யா நாலு கட்டைக்கு இறக்கி இதன்மேல் வைத்தாள். காந்தார சுரத்தில் அலையோடு அலை பொருந்தியது. மூன்றாவது அலை இரண்டிலுமே மேல் சுரமான மத்தியமத்தைத் தொடாமல் பாதியில் திரும்பியது.

“நீ அவகிட்ட கத்துக்கினவதானே. நீயே பாடிட்டு குரலை மாத்தியிருப்பே.”

அவள் மைக்கை இழுத்து அந்த அடியைப் பாடினாள். அலைகள் மூன்றும் ஒரே உயரம். “எனக்கு அது இன்னும் வரலை சார்.”

வேண்டுமென்றே மாற்றிப் பாடியிருக்கலாம். கஜபதி மறுபடி திரையில் குனிந்தார். மூச்சு இடைவெளிகள் நெருக்கமாக இருந்தன. சொல்லுக்கு நடுவில்கூட. ஓர் இடைவெளியில் மட்டும் புள்ளி புள்ளியாக ஏதோ சிதறிக் கிடந்தது.

“இது இன்னா?”

“இருமல் சார்.” அந்தத் துண்டை மட்டும் ஓட்டினாள்.

சின்னதாக மூன்று இருமல். பிறகு ஒரு செருமல். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அவர் கேட்ட அதே இருமல். பொய்ப் பாட்டு செய்கிற எவளும் அதைச் சேர்க்கமாட்டாள்.

“செவ்வாய்க்கிழமையா?” என்றார், குரல் இறங்கி. திருவேற்காடு கோயிலுக்கு என்று ஜெகதாம்பாள் சொல்லிவிட்டுப் போன நாட்கள்.

“ஆமா சார். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

“எங்கிட்ட இன்னாத்துக்கு மறைக்கணும்?”

“வீட்டுல பாடினா நீங்க போன்ல சுருதி சேருதான்னு பார்க்கிற முள்ளைக் காட்டுவீங்களாம். பச்சை எரியல, பச்சை எரியலன்னு. இங்க வந்தா கட்டையைக் குறைச்சுக்கிட்டு நிம்மதியா பாடுவாங்க.”

துலுக்கானம் சத்தமில்லாமல் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

“எடுத்துடட்டுமா சார்?”

கஜபதி வேண்டாம் என்று தலையசைத்தார்.

“தலைப்புல இன்னா போட்டுக்கீறே?”

“தோடி, ஜெகதாம்பாள்.”

“நாலு கட்டைன்னும் சேர்த்துப் போடு,” என்றார். “என்னை மாதிரி எவனாவது சண்டைக்கு வரப்போறான்.”