முப்பத்து மூன்று இஞ்ச்

ஏழாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப் திரும்ப மறுத்தது.

நான்கு வருடமாக அவள் ஒரே இழுப்பில் திரும்பிய வளைவு. வழக்கம்போல ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுசாக ஒடித்தாள். எப்போதும் நிற்கிற இடத்துக்கு அரைச் சுற்று முன்பே 'டக்'கென்று முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எதிரே முழங்கால் உயரத் தடுப்புச் சுவர். அதற்கப்பால் வெறும் ஆகாயம்.

பிரேக்கை மிதித்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஏழு பெண்களும் ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்தார்கள். மலை மேல் இருக்கும் நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறவர்கள். காலை ஏழு மணிக்கு அவர்களை மேலே ஏற்றிக்கொண்டு போய், மாலை ஐந்துக்குக் கீழே இறக்கிவிடுவதுதான் அவள் பிழைப்பு.

“என்ன டிரைவரம்மா, தூங்கிட்டியா?” என்றாள் பண்ணை மேஸ்திரியம்மா.

“ஸ்டியரிங் ஒடியல.”

“நேத்து வரைக்கும் ஒடிஞ்சுதே?”

பெண்கள் கூடைகளோடு இறங்கிவிட்டார்கள். அவள் தனியாக வண்டியைப் பின்னால் எடுத்தாள், முன்னால் தள்ளினாள், மறுபடி பின்னால். ஒவ்வொரு தடவையும் பின் சக்கரம் ரோட்டு விளிம்பிலிருந்து ஜல்லியை உதிர்த்தது. அது எங்கேயோ கீழே போய் விழும் சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டது. நாலாவது தடவைதான் வண்டி வளைவைத் தாண்டியது.

யாரும் திரும்பி ஏறவில்லை. மேஸ்திரியம்மா மட்டும் ஜன்னலருகே வந்தாள்.

“உன்னைக் குத்தம் சொல்லல தாயி. வயசாகுதில்ல, கை நடுங்கத்தான் செய்யும். இன்னும் ரெண்டு வளைவுதானே, நாங்க நடந்து போயிடறோம். சாயங்காலம் வேற வண்டி அனுப்பச் சொல்லி மேனேஜர்கிட்ட பேசிக்கிறேன். நாளையிலேருந்தும் அப்படியே இருக்கட்டும்.”

நாற்பத்து மூன்று வயசுக்குக் கை நடுங்குகிறதாம்! ஆனாலும், யாருக்கும் தெரியாமல் அவளே ஒரு கணம் தன் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டிருந்தாள். அப்படிப் பார்க்க வைத்தவன் யார் என்று நினைத்தபோதுதான் கோபம் மண்டைக்கு ஏறியது.

ஒரே ஒருவன்தான். அவள் தம்பி. டயர் கடை வைத்த நாளிலிருந்து ஊருக்கே அவன் 'ரிம்மு'. நேற்று சாயங்காலம் அவன் கடையில்தான் ஜீப்புக்கு நாலு சக்கரமும் புதுசாக மாட்டியிருந்தார்கள்.

வண்டியைத் திருப்பி மெல்ல மலையிறங்கி, கடை வாசலை அடைத்தாற்போல ஜீப்பை நிறுத்தினாள். உள்ளே கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. சக்கரங்களை நேர்பார்க்கிற அலைன்மென்ட் குழிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் அலைன்மென்ட்காரர். அவளைப் பார்த்ததும் டீ டம்ளருக்குள் எதையோ தேடத் தொடங்கினார்.

“வாக்கா!” என்று துணியில் கை துடைத்துக்கொண்டே வந்தான் ரிம்மு. “எப்படி இருக்கு வண்டி? சிங்கம் மாதிரி நிக்குதில்ல? போட்டோ போட்டேன், காலைலேருந்து போன் அடங்கல. இதே மாதிரி வேணும்னு நாலு பேர் கேட்டாச்சு.”

“சிங்கம் திரும்ப மாட்டேங்குது.”

“என்னது?”

அவள் குனிந்து டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைப் படித்தாள். நேற்றே படித்திருக்க வேண்டும். சொந்தத் தம்பி கடையில் போய் யார் எண்ணைப் படித்துப் பார்ப்பார்கள்?

“நான் எழுதிக் குடுத்தது முப்பத்தொண்ணு. இது முப்பத்து மூணு.”

“முப்பத்தொண்ணு கையில இல்லக்கா. இது சும்மா கிடந்துச்சு. ரெண்டு இஞ்ச் கூட இருந்தா உனக்குத்தானே நல்லது? கல்லுல அடி வாங்காது.”

“டேய், ஸ்கேல் வச்சு அளந்து எழுதினேன்டா. என் வண்டிக்கு அச்சு ஒரு இஞ்ச் உயர்ந்தா போதும். டயர் ரெண்டு இஞ்ச் பெருசானா அச்சு ஒரு இஞ்ச் உயரும். அதுக்குத்தான் இருபத்தொம்பதை எடுத்துட்டு முப்பத்தொண்ணு கேட்டேன். அதுக்கு மேல போகாதே, அகலமும் பத்தரைக்கு மேல வேணாம்னு கீழ கோடு வேற போட்டேன். பெருசா மாட்டினா ஒடிக்கிறப்போ ஸ்பிரிங்ல உரசும்.”

“உரசுச்சா? சொல்லு, எங்கயாவது உரசுச்சா?” ரிம்மு மார்பை நிமிர்த்தினான். “உரசாது. நான் மாட்டினது.”

அவளுக்குச் சுரீரென்றது. ஆமாம், உரசவில்லை. உரசியிருக்க வேண்டும். பன்னிரண்டரை இஞ்ச் அகல டயர் அந்த இடத்தில் உரசாமல் இருக்க வழியே கிடையாது.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துப் பார்த்தாள். சக்கரம் ஒரு அளவுக்கு மேல் ஒடியாமல் தடுக்க அங்கே ஒரு போல்ட் இருக்கும். அதன் தலை முட்டியதும் ஸ்டியரிங் நின்றுவிடும். அந்த போல்ட்டின் தலைக்கு அடியில், பழைய துருவுக்கு நடுவே, பளபளவென்று மூன்று வாஷர் வளையங்கள். போல்ட்டின் தலையை வெளியே தள்ளி, சக்கரம் பாதியிலேயே முட்டிக்கொள்ளும்படி வைத்திருந்தார்கள். மறுபக்கமும் அதே மூன்று.

எழுந்தபோது தலைமுடியில் மண்.

“இது யார் வேலை?”

“நான் சொன்னேம்மா...” என்று ஆரம்பித்தார் அலைன்மென்ட்காரர். “உரசுது, சின்னது மாட்டலாம்னு சொன்னேன். தம்பிதான்...”

“சொன்னீங்க. சொல்லிட்டு வாஷரை மாட்டினது யாரு?”

அவர் மறுபடி டம்ளருக்குள் போய்விட்டார்.

“மூணு வாஷர்தானேக்கா!” என்றான் ரிம்மு. “எல்லா ஊர்லயும் பண்றதுதான். யாரு ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஓட்டுறா?”

“மலை ரோட்டுல ஓட்டுறவ ஒடிப்பாடா! ஒரு நாளைக்குப் பதினெட்டு வளைவு. உன் கடை வாசல்லயா நான் ஓட்டுறேன்?”

கடைக்கு வந்த ஒருவர் தயங்கி நின்று வேடிக்கை பார்த்தார். அதைக் கவனித்த ரிம்முவின் முகம் சிவந்தது.

“சும்மா கத்தாதக்கா. உனக்கு ஒரு வளைவு தப்பிப் போச்சு. அதுக்கு என் டயர் மேல பழி போடுற. நானே ஓட்டிக் காட்டுறேன், வா.”

“வா,” என்றாள். சாவியை அவன் மேல் வீசினாள். அவன் பிடிக்கவில்லை. குனிந்துதான் எடுத்தான்.

நாலாவது வளைவு வரை ரிம்மு பேசிக்கொண்டே வந்தான். ஐந்தாவதில் விசில் அடித்தான். ஆறாவதில் ஸ்டியரிங் லேசாக முட்டியது. விசில் நின்றது.

ஏழாவதில் சாலையின் வலது ஓரம்வரை போய் அகலமாக எடுத்தான். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் ஸ்டியரிங் அதே இடத்தில் 'டக்'கென்று முட்டியது. பின்னால் எடுத்தான். முன்னால் தள்ளினான். மறுபடி பின்னால் எடுக்கையில் என்ஜின் அணைந்தது. சரிவில் வண்டி தானாக ஒரு சாண் உருண்டது. அவன் பிரேக்கை மிதித்த மிதியில் இருவர் தலையும் முன்னால் போய் வந்தன. ஜல்லி உதிர்ந்தது.

“அக்கா, நீ இறங்கு.”

“எதுக்கு?”

“இறங்குன்னா இறங்கேன்.”

“காலைல இதே இடத்துல ஏழு பேரை வச்சுக்கிட்டு நின்னேன். இப்ப நான் ஒருத்தி உக்காந்திருக்கிறதே உனக்கு பயமா இருக்கா?”

ரிம்முவின் மேலுதட்டில் வியர்வை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். வண்டி சாலைக்குக் குறுக்கே நின்றது.

“சரிக்கா. தப்புதான். மத்தியானமே கழட்டிட்டு முப்பத்தொண்ணு வரவழைச்சுப் போட்டுடறேன். வெளியில யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம். கடை பேரு...”

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் நிமிர்ந்தாள்.

“இன்னும் எத்தனை வண்டிக்கு இப்படி மாட்டியிருக்க?”

அவன் கியர் குமிழைத் துடைத்தான்.

“கேட்டது காதுல விழுந்துச்சா?”

“மூணு. ரெண்டு கல்குவாரி வண்டிக்கா, சமதரையிலதான் ஓடுது. இன்னொண்ணு... மாட்டு டாக்டர் ஜீப்.”

மாட்டு டாக்டர் தினமும் விடியற்காலையில் மேல் பண்ணைகளுக்குப் போய்விட்டுப் பத்து மணி வாக்கில் இந்த வழியாகத்தான் இறங்குவார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தாகப் பத்து நிமிடம்.

“போன் போடு.”

டாக்டர் எடுக்கவில்லை. “கை மாட்டுக்குள்ள இருக்கும்,” என்று சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

“அப்ப குவாரிக்காரங்களுக்குப் போடு.”

ரிம்மு போட்டான். “அண்ணே, ரிம்மு பேசுறேன். ஒண்ணுமில்ல, சும்மா ஒரு செக்கப், நேரம் கிடைக்கிறப்போ வண்டிய...”

அவள் போனைப் பிடுங்கினாள். “செக்கப் இல்லீங்க. என் தம்பி பெரிய டயரை மாட்டிட்டு, அது உரசாம இருக்க ஸ்டியரிங்கையே பாதியில கட்டிப் போட்டிருக்கான். முழுசா ஒடியாது. வண்டிய இன்னிக்கே கடைக்குக் கொண்டுபோங்க. அதுவரைக்கும் குழி ஓரமா ஓட்டாதீங்க.” போனைத் திருப்பிக் கொடுத்தாள். “அடுத்தவங்ககிட்ட நீயே இதே மாதிரி சொல்லு. ஒரு வார்த்தை குறைஞ்சாலும் மறுபடி பிடுங்குவேன்.”

அவன் சொன்னான். ஒரு வார்த்தையும் குறையவில்லை.

“இப்பவாவது வண்டியை ஓரமா எடுக்கவா?”

“எடுக்காதே. டாக்டர் வரட்டும். இந்த வளைவுல அவர் ஸ்டியரிங்கை ஒடிக்கிறதுக்கு முன்னாடி நீ சொல்லணும்.”

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. சாலையை அடைத்து நின்ற ஜீப்பைப் பார்த்து டாக்டர் வளைவுக்கு முன்பே நிறுத்தினார். ரப்பர் பூட்ஸோடு இறங்கி வந்தார். மூக்கின் மேல் புத்தம் புதுக் கண்ணாடி.

“என்னம்மா, பிரேக்டவுனா?”

அவள் தம்பியைப் பார்த்தாள். ரிம்மு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். டயர் அளவு, வாஷர், எல்லாம்.

டாக்டர் உடனே கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“மூணு வாரமா இந்த வளைவுல ரெண்டு தடவை பின்னாடி எடுத்துத் திருப்புறேன். பார்வை மங்குதுன்னு நினைச்சேன். கண் டாக்டர்கிட்ட போய் இதை வாங்கி மாட்டிக்கிட்டேன். ராத்திரி கேஸ் வந்தா போறதில்ல, கண்ணு தெரியலையேன்னு பயம். போன வாரம் ஒரு பசு கன்னு போட முடியாம செத்துப் போச்சு. நான் போகல.” பிறகுதான் குரல் உயர்ந்தது. “போகலடா! உன் வாஷருக்காக!”

ரிம்மு இரண்டடி பின்னால் போனான்.

டாக்டர் தன் ஜீப்பை உள்பக்கம் மலையை ஒட்டி நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். “நீயே வந்து இங்கயே கழட்டு. நான் இதை ஓட்ட மாட்டேன்,” என்றார். அவர் வழி சொல்ல, அவள் தன் வண்டியை நாலு தடவை முன்னும் பின்னும் எடுத்துச் சாலையைத் திறந்துவிட்டாள்.

ரிம்மு கீழே போகும் பக்கம் திரும்பி நடந்தான்.

“எங்க போற?”

“ஸ்பேனர் எடுத்துட்டு வரேன்கா.”

“அதை அலைன்மென்ட்காரர் கொண்டு வருவார், போன்ல சொல்லு. நீ மேல வா.”

இரண்டு வளைவும் நடந்தார்கள். அவன் மூச்சு வாங்கினான். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.

பண்ணைக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இருவரையும் கண்டதும் கைகள் நின்றன. ரிம்மு மேஸ்திரியம்மாவின் முன்னால் போய் நின்று ஏதோ முனகினான்.

“யாருக்கும் கேக்கல,” என்றாள் அக்கா பின்னாலிருந்து.

“அக்கா மேல தப்பில்லீங்க. நான் தப்பான டயர் போட்டேன். ஸ்டியரிங் ஒடியாம நான்தான் பண்ணி வச்சேன்.”

“பின்னாடி வரிசைக்கு?”

அவன் திரும்பி, கத்தியே சொன்னான். கடைசி வரிசையில் ஒருத்தி, “அடப்பாவி, என் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?” என்று ஒரு பிடி மண்ணை அவன் காலடியில் எறிந்தாள்.

மேஸ்திரியம்மா எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். டிரைவரம்மாவின் பக்கம் அவள் பார்வை போகவில்லை.

“நான் காலைலயே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். வேற வண்டி பேசிட்டாரு. நான் சொன்னதை நானே போய் மாத்திச் சொல்ல மாட்டேன். இவனையே போய்ச் சொல்லச் சொல்லு.”

மேனேஜர் அறை கொட்டகையின் கடைசியில் இருந்தது. ரிம்மு அதன் வாசல்வரை போனான். கால்மிதியில் செருப்பைத் தேய்த்தான். ஒரு காலை, பிறகு மறு காலை, பிறகு மறுபடி முதல் காலை. தட்டுவதற்குக் கையைத் தூக்கி, அப்படியே தலையைச் சொறிந்துகொண்டான்.

அவள் கொட்டகையைக் கடந்து வந்தாள். அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கதவை அவளே தட்டினாள், மூன்று தடவை, பலமாக.

“யாரு?” என்றது உள்ளேயிருந்து குரல்.

“சொல்லுடா,” என்றாள்.